பார்சலில் வந்த பழைய கணினி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இணையத்தில் வாங்கிய பழைய கணினி வீடு வந்து சேர்ந்த அன்றே அதில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

முப்பது, நாற்பது வயதான மெஷின் பார்சலில் வரும்போது அதற்குள் இரண்டு வகைக் கோளாறு இருக்கலாம். ஒன்று, வழியில் பட்ட அடி: சாக்கெட்டை விட்டு எழும்பிய சிப், பிடி நழுவிய கார்டு, கழன்று உருளும் ஸ்க்ரூ. இன்னொன்று வயது: ஒழுகிய பேட்டரி, வெடிப்பு விட்ட கெப்பாசிட்டர், மடங்கினால் ஒடியும் கேபிள். வழியில் பட்ட அடியில் பெரும்பாலானதை விரலையும் ஸ்க்ரூடிரைவரையும் வைத்தே சரிசெய்துவிடலாம். ஆனால் கழன்ற ஸ்க்ரூ ஒன்று போர்டுக்கு அடியில் 12 வோல்ட் தடத்தையும் 5 வோல்ட் தடத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டால், அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை போர்டோடு போய்விடும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போதும் இதே கதைதான். புகை வந்த பிறகு, அது கூரியர் போட்டு உடைத்ததா, நாம் ஆன் செய்து எரித்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் பினாங்கில் இருக்கிறேன். இங்கே வரும் பழைய மெஷின்கள் பெரும்பாலும் மூன்று வழியாக வருகின்றன. மூடா, கேரோசல் மாதிரி உள்ளூர் இணைய விற்பனைத் தளம் ஒன்று, இங்கிலாந்து இரண்டாவது, ஜப்பானும் அமெரிக்காவும் மூன்றாவது. இங்கிலாந்துச் சரக்கு நமக்குத் தோதானது. நம் வீட்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று சதுரக் கால் பிளக் எல்லாம் ஒத்துப்போகும். டிவிப் பட முறையும் நம்முடையதைப் போலவே பிஏஎல் (PAL) தான். ஜப்பான் மெஷினுக்கு 100 வோல்ட், அமெரிக்க மெஷினுக்கு 120. வேறு பிளக்கை மாட்டி நேராகச் சுவரில் செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே காலி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வராமல் அந்த மெஷின்களை மேசைக்கே கொண்டுவர வேண்டாம்.

பெட்டி கையில் இருக்கிறது, டேப் இன்னும் பிரிக்கவில்லை

ஆறு பக்கமும் படம் எடுங்கள். முகவரிச் சீட்டு ஒரு படத்திலாவது தெளிவாகத் தெரியட்டும். நசுங்கிய மூலை, ஈரத் தடம், மறுபடி ஒட்டின மாதிரி இருக்கும் டேப், இவற்றைக் கிட்டப் போய் எடுங்கள். பிறகு, கத்தி வைக்கும் நொடியிலிருந்து மெஷின் மேசைக்கு வரும்வரை ஒரே வீடியோ, நடுவில் நிறுத்தாமல். பொதிந்து வந்த காகிதம், நுரை, பெட்டி எதையும் வீசாதீர்கள். எப்படிக் கட்டியிருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

நேராக விமானத்திலிருந்து வந்த பெட்டியானால் பிரிக்காமல் ஓர் இரவு அறையில் வைத்திருப்பது நல்லது. குளிர்ந்த இரும்பும் கண்ணாடியும் நம் ஊர்க் காற்றுப் பட்டவுடன் வேர்த்துவிடும். அந்த ஈரம் போர்டில் இருக்கும்போது எந்தச் சோதனையும் செய்யக்கூடாது.

சாய்த்தால் உள்ளே ஏதோ உருள்கிறது

குலுக்க வேண்டாம். ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்த்துக் காதை வையுங்கள். மெல்லிய உலோகச் சத்தமானால் ஸ்க்ரூ. சரசரவென்ற இலேசான சத்தமானால் உறையின் உட்பக்க ஸ்க்ரூத் தூண்கள் உடைந்த துண்டுகள். கனமாக ‘தொப்’ என்று நகர்ந்தால் டிரைவோ டிரான்ஸ்ஃபார்மரோ தன் பிடியிலிருந்து கழன்றிருக்கிறது. எதுவானாலும் முதலில் மூடியைத் திறந்து, விழுந்ததை எல்லாம் ஒரு தட்டில் சேர்த்து, எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வேலை. ஒரு துளை காலியாக இருந்து ஸ்க்ரூ தட்டில் இல்லை என்றால், அது இன்னும் உள்ளேதான் எங்கோ இருக்கிறது. போர்டையே கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

உடைந்த பிளாஸ்டிக் துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். 1990களின் நடுவில் வந்த மெக்கின்டாஷ் உறைகள் இப்போது பிஸ்கட் மாதிரி நொறுங்குகின்றன. நல்ல பேக்கிங்கில் வந்தால்கூட ஒரு தூணாவது உடைந்திருக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோன் தடவி ஒட்டலாம். துண்டு கையில் இருந்தால்தான் அதுவும்.

பேக்கிங்கில் நான் அதிகம் பார்த்த தவறு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொமடோர் 64, அமிகா 500 இரண்டுக்கும் பவர் சப்ளை தனிக் கட்டி. செங்கல் கனம் இருக்கும். கொமடோருடையதில் உள்ளே பிசின் ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். அதைக் கணினியின் பக்கத்திலேயே, ஒரு சுற்று பபிள் ரேப்போடு, ஒரே பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பெட்டி ஒவ்வொரு முறை விழும்போதும் அந்தக் கட்டி கணினியை இடிக்கும். திறந்து பார்த்தால் கீபோர்டில் வரிசையாக நாலைந்து கீ கழுத்தோடு ஒடிந்திருக்கும். பக்கத்தில் உறையில், கட்டியின் மூலை அளவுக்கே ஒரு பள்ளம். கூரியர் எவ்வளவு பொறுமையாகக் கையாண்டாலும் இது நடக்கும். குற்றம் கட்டினவருடையது.

போர்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறது

இது வழியில் வந்த சேதம் இல்லை. கூரியரைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் விற்றவர் ‘டிப்-டாப் கண்டிஷன்’ என்று எழுதியிருந்தால் அவரிடம் பேசலாம்.

286, 386 பிசி போர்டுகளில் நீலமாகவோ பச்சையாகவோ பீப்பாய் வடிவ பேட்டரி ஒன்று இருக்கும். 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம். அமிகா 2000, அமிகா 500 பிளஸ் போர்டுகளிலும் இதே வகைதான். ஒழுகினால் காரத்தன்மை, தடங்களைப் பச்சையாக்கித் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, சமையலறை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் காய்ச்சி வடித்த நீர், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிறகு ஃபேன் காற்றில் ஒரு நாள்.

மெக்கின்டாஷ் எஸ்இ/30 மாதிரி மெஷின்களில் இருப்பது வேறு. பாதி அளவு டபுள்-ஏ வடிவில் 3.6 வோல்ட் லித்தியம். இது ஒழுகினால் அமிலம். வினிகர் இங்கே உதவாது. சமையல் சோடாக் கரைசல்தான் சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுதலைக் கூட்டிக்கொள்பவர்கள் நிறைய. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பஞ்சை எடுங்கள்.

அதே மெக்கின்டாஷ்களிலும் அமிகா 600, 1200 இரண்டிலும் போர்டின் மேல் சிறு அலுமினியக் கெப்பாசிட்டர்கள் ஒழுகும். பார்வைக்குத் தெரியாவிட்டாலும் சால்டர் முனை பட்டதும் மீன் கவிச்சி அடிக்கும். வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நம் ஈரக்காற்றில் இந்த அரிப்பு நிற்காது. ‘இப்போதைக்கு ஓடுகிறதே’ என்று அலமாரியில் வைத்தால் தடங்களையும் சேர்த்து இழப்பீர்கள்.

சுவிட்ச் போட்டதும் வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு சுவிட்ச்) விழுகிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை

முதல் மின்சாரத்துக்கு முன் செய்ய வேண்டியது மூன்று. பின்பக்கம் சிவப்பு நிறத்தில் 115/230 மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது 230இல் இருக்கிறதா பாருங்கள். பெட்டிக்குள் உரசி நகர்ந்திருக்கும். பவர் சப்ளையை போர்டிலிருந்து கழற்றித் தனியாகச் சோதியுங்கள். பழைய பிசி சப்ளைகள் சுமை இல்லாமல் கிளம்பாது. 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டு கோட்டிலும் ஒரு காரின் டெயில் லைட் பல்பை மாட்டினால் போதும். மூன்றாவது, மல்டிமீட்டர். சிவப்பு வயரில் 5 வோல்ட், மஞ்சளில் 12, நீலத்தில் மைனஸ் 12, வெள்ளையில் மைனஸ் 5. மறுபடி போர்டில் மாட்டும்போது இரண்டு நீள கனெக்டரின் கறுப்பு வயர்களும் நடுவில் அக்கம்பக்கமாக வர வேண்டும். மாறினால் போர்டு போய்விடும்.

கொமடோர் 64க்கு இன்னும் கவனம் தேவை. அதன் பழைய கட்டியில் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது வோல்டேஜ் குறையாமல் ஏறும். ஏறின நொடியில் மெமரி சிப்புகள் வேகும். ஏழு கால் வட்டக் கனெக்டரில் 5ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 5.2க்கு மேல் காட்டினால் அந்தக் கட்டியை மறந்துவிடுங்கள். சரியாகக் காட்டினாலும் நாளைக்கு எப்படியோ. புதிதாகச் செய்து விற்கிற சப்ளை வாங்குவதே என் யோசனை. இதில் சிக்கனம் பார்த்து நல்ல மெஷின்கள் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

ஈஎல்சிபி விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். மின்சாரம் உறையின் இரும்புக்கோ எர்த்துக்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. பழைய வடிகட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று கசியலாம். அடிபட்டு வயரின் தோல் கிழிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் சப்ளை வாசலில் வயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். 230 வோல்ட் பக்கம் கை வைத்துப் பழகாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வயர்மேனிடமோ பழைய டிவி பழுது பார்த்தவரிடமோ கொடுங்கள். நம் தாமான் குடியிருப்புகளில் அப்படி ஒரு அங்கிள் இன்னும் இருக்கிறார். அவர் சீரிஸ் பல்பு போட்டு, அதாவது மின்சாரம் ஒரு பல்பு வழியாகப் போகும்படி செய்துதான் முதல் மின்சாரம் கொடுப்பார். அது பழைய டங்ஸ்டன் பல்பாக இருக்க வேண்டும், எல்இடி ஆகாது.

ஒன்றுமே நடக்காமல், ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டால் சப்ளை தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்கிறது என்று அர்த்தம். எங்கோ ஷார்ட். ஐபிஎம்மின் ஆரம்பகாலப் பிசிகளான 5150, 5160 போர்டுகளில் 12 வோல்ட் கோட்டில் இருக்கும் மணி அளவு டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது பழகிய நோய். கார்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டினதும் ஃபேன் நிற்கிறதோ, கோளாறு அங்கே. எதுவுமே மாட்டாமல் நின்றால் போர்டில்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடியது, பிறகு ‘பட்’ என்ற சத்தம், அறை முழுக்கப் புகை

பிளக்கை இழுங்கள், ஜன்னலைத் திறங்கள், பதற வேண்டாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மெஷின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பவர் சப்ளைக்குள் தேன் நிறத்தில் ரிஃபா என்ற பெயர் போட்ட காகிதக் கெப்பாசிட்டர் இருந்திருக்கும். உறை மெல்லிய வெடிப்புகளாகப் பிளந்து, அதன் வழியே ஈரம் உள்ளே போய், ஒருநாள் வெடிக்கும். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினி இதற்குப் பேர்போனது. ஆப்பிள் சப்ளைகளிலும் உண்டு. அதே அளவில் எக்ஸ்2 என்று குறியிட்ட புதிய கெப்பாசிட்டர் போட வேண்டும். அந்தக் குறி இல்லாத சாதாரணக் கெப்பாசிட்டர் போடவே கூடாது. கோலாலம்பூர்க்காரர்கள் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உதிரிக் கடைகளைக் கேட்டுப் பார்க்கலாம். பிபிசி மைக்ரோ வாங்கினால், வெடிக்கும்வரை காத்திராமல் ஆன் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுவது சரி.

ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

பார்சலில் வந்த மெஷின்களில் இதுதான் அடிக்கடி வரும் புகார், மனசு சுலபமாகத் தளர்ந்துபோவதும் இங்கேதான். ‘செத்த போர்டு’ என்று முடிவு கட்டிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, எர்த் ஆன இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, விளக்கைப் போர்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாச் சிப்பும் சமமாகத்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டுமே, ஒரு சிப்பின் ஒரு முனை சாக்கெட்டுக்கு மேல் நகக்கண் அளவு எழும்பியிருப்பதும், அதன் அடியில் நிழல் ஒரு கோடாக நீள்வதும் தெரியும். அந்த முனையைக் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் ‘கிரிச்’ என்று ஒரு சத்தத்தோடு உட்காரும். போர்டுக்கு அடியில் இன்னொரு கை தாங்கலாக இருக்க வேண்டும்; போர்டு வளைந்தால் வேறு இடத்தில் தடம் அறுந்துவிடும்.

சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து பல வருடமாக நகர்ந்துகொண்டே இருந்த சிப்பை, கப்பல், லாரி, பெல்ட் என்று ஆயிரக்கணக்கான மைல் அதிர்வு மிச்சத்தையும் தள்ளிவிடுகிறது. பிபிசி மைக்ரோவில் சாக்கெட்டில் உட்கார்ந்த சிப்புகள் நிறைய. கொமடோர் 64இல் பிஎல்ஏ சிப் சரியாகத் தொடாவிட்டால் வெறும் கறுப்புத்தான் வரும். அமிகா 500இல் 84 கால் கொண்ட சதுர ஆக்னஸ் சிப் எழும்பியிருந்தால் திரை பச்சையாகும். சிவப்பானால், மெஷினைக் கிளப்பும் நிரல் இருக்கும் கிக்ஸ்டார்ட் ரோம் சிப்பில் தேட வேண்டும். நீலமானால் மற்ற தனிச் சிப்புகளில் ஒன்று. இப்படி நிறம் காட்டும் மெஷின் நமக்குப் பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது.

அழுத்தியும் வரவில்லை என்றால் சிப்பைக் கழற்றிக் கால்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சிப்பின் முனையில் இருக்கும் பள்ளம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்துச் செருகுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்திருந்தால் குழப்பமே வராது.

பிசியாக இருந்தால் பீப் சத்தத்தைக் கேளுங்கள். பயாஸ் என்பது பிசியைக் கிளப்பும் நிரல்; அவார்டு, அமி இரண்டும் அதைச் செய்த நிறுவனங்கள். ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் ஐபிஎம்மிலும் அவார்டு பயாஸிலும் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. எடுத்து, தொடுமுனையைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போடுங்கள். அமி பயாஸில் மூன்று பீப் என்றால் முதல் 64 கிலோபைட் மெமரி. மெமரிச் சிப்புகளைத் தாங்கும் 30 கால் சிம் பலகைகளைப் பாருங்கள். அவற்றைப் பிடிக்கும் பிளாஸ்டிக் காது வழியில் ஒடிந்து, பலகை சாய்ந்து நிற்கும். பென்டியம் II மாதிரி ஸ்லாட்டில் நிற்கும் பிராசசரை ஹீட்சிங்கின் கனமே இழுத்துச் சாய்த்திருக்கும். எழுத்தே வந்துவிட்டால் இன்னும் சுலபம். ஐபிஎம் வகை மெஷினில் 161 பேட்டரி, 201 மெமரி, 301 கீபோர்டு, 601 ஃப்ளாப்பி, 1701 ஹார்ட் டிஸ்க்.

போர்டைக் கையில் வைத்திருக்கும்போது பினாங்குக்காரர்கள் சிப்பின் முதுகைப் படித்துப் பார்க்கலாம். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தபோது இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் வைத்தது. 486, பென்டியம் சிப்புகள் பலவற்றில் நம் நாட்டின் பெயர் பொறித்திருக்கும். ஷிப்ட் பஸ்ஸில் போன நம் அக்காமார், அத்தைமார் கை பட்ட சரக்கு உலகம் சுற்றிவிட்டு இங்கேயே பார்சலில் திரும்பி வந்திருக்கக்கூடும். அதை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள எனக்கு அது ஒரு காரணம் போதும்.

பழைய கண்ணாடி மானிட்டர்: வெளிச்சமே இல்லை, படம் சாய்கிறது, நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது

முதலில் ஓர் எச்சரிக்கை. பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்டு ஏறும் தடித்த வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் மிச்சம் நிற்கும். அதை இறக்கத் தெரியாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்தே பல விஷயம் பார்த்துவிடலாம்.

டியூபின் பின்முனையில் விரல் தடிமனுக்குக் கண்ணாடிக் கழுத்து ஒன்று நீண்டிருக்கும். அதன் முனையில் ஒரு சிறு போர்டு. பெட்டி பின்பக்கமாக விழுந்தால் முதலில் ஒடிவது இந்தக் கழுத்துத்தான். கழுத்தின் உட்புறம் கண்ணாடிபோல மினுங்கும் கருவெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். அது மினுமினுப்பாக இருந்தால் வெற்றிடம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் முடிந்தது. பழுது பார்க்க வழியில்லை, மாற்று டியூப்தான். உடனே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். இந்த ஒரு படத்துக்கு மறுபேச்சு இருக்காது.

பூச்சு நன்றாக இருந்து, படம் வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள் வழியில் அடிபட்டுத் திரும்பியிருக்கிறது. பிடியைத் தளர்த்தி நேராக்கி இறுக்கலாம்; டிவி பழுது பார்ப்பவருக்கு இது சின்ன வேலை. நிறத் திட்டுகள் இருந்தால் டீகாஸ் செய்து, அதாவது திரையில் ஏறிய காந்தத்தை நீக்கிப் பாருங்கள். இங்கிலாந்தில் சரிசெய்த திரைக்கு நம் பூமத்திய ரேகைப் பக்கத்துக் காந்தப்புலம் கொஞ்சம் வித்தியாசப்படும். அந்த அளவு நிறமாற்றத்தைப் பழுது என்று சொல்ல முடியாது. டீகாஸ் செய்தும் ஒரு மூலை மட்டும் பிடிவாதமாக ஊதாவாகவோ பச்சையாகவோ நின்றால், உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புச் சல்லடை விழுந்ததில் வளைந்திருக்கும். அதை யாராலும் நேராக்க முடியாது.

ஹார்ட் டிஸ்க் தட்டுகிறது, ஃப்ளாப்பி படிக்கவில்லை

20 மெகாபைட் சீகேட் எஸ்டி-225 மாதிரி பழைய டிஸ்குகள் நிறுத்தும்போது தரவைப் படிக்கும் தலையைத் தானாக ஒதுக்கி வைக்காது. அனுப்புகிறவர் பார்க் கட்டளை கொடுத்து ஒதுக்கியிருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை தட்டின் மேல் இடிக்கும். சுற்ற ஆரம்பித்து, தட்டித் தட்டி, 1701 காட்டினால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் தரவு இன்னும் கொஞ்சம் உரியும். ஓடிவிட்டால் விளையாட்டெல்லாம் பிறகு, முதலில் முழு நகல். அடுத்த முறை அது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஃப்ளாப்பி டிரைவில் மேல் தலையின் மெல்லிய தகடு வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் படிக்கும். டிரைவோடு வந்த டிஸ்குகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பூஞ்சை வட்டமாக இருந்தால் டிரைவில் போடவே கூடாது. ஒரு சுற்றிலேயே தலையும் அழுக்காகும், டிஸ்கும் கீறிவிடும்.

கீபோர்டில் ஒரு வரிசையே வேலை செய்யாவிட்டால் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வகைக் கணினியில் கீகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தின் வால் ஒடிந்திருக்கும். புதுப் படலம் கிடைக்கிறது. தனித்தனிக் கீ ஒடிந்தால் அதே மாடல் உதிரி தேட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

பணத்தைக் கேட்பது

ஷாப்பி மாதிரி தளத்தில் வாங்கியிருந்தால், சோதித்து முடிக்கும்வரை ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள். ஆனால் தளம் தரும் கெடுவையும் கவனித்துக்கொள்ளுங்கள். அது கடந்தால் பணம் தானாக விற்றவரிடம் போய்விடும். மேலே சொன்ன படங்கள், வீடியோ, பொதிந்த முறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். ‘கெட்டுப்போச்சு’ என்று எழுதாமல், ‘பவர் கட்டி தனியாகக் கட்டப்படவில்லை, இடித்து உறை பள்ளம் விழுந்திருக்கிறது’ என்று எழுதினால் பேச்சு சீக்கிரம் முடியும். வியாபாரமாகச் செய்பவர் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். வீட்டில் கிடந்ததை ஒருமுறை விற்கும் தனிமனிதர் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வியாபாரி கணக்கில் வரமாட்டார். அவரிடம் நல்ல வார்த்தையில் பாதிப் பணம் கேட்பதுதான் நடைமுறை.

அடுத்த முறை, பணம் கட்டும் முன் அனுப்ப வேண்டிய செய்தி

பெரும்பாலான விற்பனையாளர்கள் கெட்ட எண்ணத்தில் மோசமாகக் கட்டுவதில்லை. சட்டை அனுப்புகிற மாதிரியே கணினியையும் அனுப்புகிறார்கள். வேண்டியதை முன்கூட்டியே சொன்னால் செய்வார்கள். ஈப்போவில் ஓர் அண்ணனிடம் அமிகா வாங்கியபோது நான் அனுப்பியது ஏறத்தாழ இப்படி:

“அண்ணே, பேக்கிங் செலவு தனியா நான் தர்றேன். பவர் கட்டிய வேற பெட்டியில போட்டுடுங்க. கணினிய முதல்ல ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி ஒட்டிடுங்க, மழைக்குத்தான். அப்புறம் பெரிய முட்டை பபிள் ரேப், சின்னது வேணாம். ஒரு பெட்டிக்குள்ள வெச்சு, அந்தப் பெட்டிய இன்னொரு பெட்டிக்குள்ள வெச்சு, எல்லாப் பக்கமும் அஞ்சு சென்டிமீட்டர் நுரை இருக்கட்டும். பேப்பர் கசக்கிப் போடாதீங்கண்ணே, ரெண்டு நாள்ல அமுங்கிப் போயிடும். மூடினதும் தூக்கி ஆட்டிப் பாருங்க, உள்ள எதுவும் நகரக்கூடாது.”

டெஸ்க்டாப் பிசி வாங்கினால் இன்னும் இரண்டு கேளுங்கள்: நீளமான கார்டுகளைக் கழற்றி நிலைமின்சாரம் தாங்கும் பையில் தனியாக வைக்க, லித்தியம் பேட்டரியை எடுத்துவிட. விமானத்தில் லித்தியத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அதைச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். 5.25 அங்குல டிரைவில் பழைய டிஸ்க் ஒன்றையோ அட்டையையோ செருகிக் கதவை மூடச் சொல்லுங்கள். மானிட்டரானால் திரை கீழ்நோக்கி, தடித்த நுரையின் மேல். கனம் முழுக்கக் கண்ணாடி முகத்தில்தான் இருக்கிறது, கழுத்துக்கு மேலே காலி இடம் வேண்டும். ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பெட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து எந்தப் பக்கமாகவும் விழும் என்று வைத்துக்கொண்டே கட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒத்துவராதவரிடம், கோலாலம்பூரிலோ பட்டர்வொர்த்திலோ இருந்தால், பஸ் ஏறிப் போய்க் கையில் வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.